எட்டரை மணி வரை

அதிகாலை மூன்றே முக்காலுக்கு
மின்தூக்கியில் என்னோடு இறங்கியது
மகள் கழித்துப்போட்ட பச்சைச் சைக்கிள்.
முன்சக்கரத்தைத் தூக்கி
நெட்டுக்குத்தலாய் நிறுத்தினால்தான் கதவு சாத்தும்.
கண்ணாடியில் இருவரும்
பின்னங்காலில் நின்றோம்.

சட்டையில் நான்கு ஊக்கு, ஓர் எண்.
எண்ணால் அழைக்கப்படுவது எனக்குப் புதிதில்லை.
"வண்டி நாலு, ஈசிபி, ஒன்பது புள்ளி இரண்டு, இடதுகோடித் தடம்."
பன்னிரண்டு ஆண்டுகளாய்
ரேடியோ இப்படித்தான் கூப்பிடுகிறது.

இழுவை லாரி ஓட்டுகிறவன் நான்.
விரைவுச்சாலையில் எது நின்றுபோனாலும்
அகற்றிக் கொடுப்பவன்.
நிற்பது இங்கே
குற்றத்துக்குப் பக்கத்து வீடு.

கொம்பு ஊதியதும்
ஆயிரம் சிவப்பு விளக்குகள் துடித்துக்கொண்டு கிளம்பின.
சிவப்பு துடித்தால்
என் கை தானாகக் கூம்பு தேடும்.
கைப்பிடியை இறுக்கிக்கொண்டேன்.

எஞ்சின் இல்லாத சாலைக்கு
இவ்வளவு சத்தமா?
பக்கத்து வீட்டில் நள்ளிரவு தாண்டியும்
மாஜோங் காய்களைக் கலைப்பார்களே, அப்படி
எல்லாப் பல்சக்கரங்களும்.
கட்டண வளைவு வந்தபோது
எனக்கு முன்னால் போனவர் தலையைக் குனிந்துகொண்டார்.
அது எவரிடமும் காசு கேட்கவில்லை.

இந்த மழைமரத்தடியில்தான்
கோழி லாரி ஒன்று படுத்தது.
அந்த விளக்குக் கம்பத்தருகே
ரிப்பன் கலையாத கல்யாணக் கார்.
மணப்பெண் தடுப்புச் சுவரில் உட்கார்ந்து
கழற்றிய செருப்பால் கொசு விரட்டினாள்.
இதோ, இங்கே
வேண்டாம்.
மணல் கொட்டி, கூட்டி, தண்ணீர் அடித்துவிட்டு
அன்று சாப்பிடாமல் படுத்தேன்.
லாரியில் இந்த இடத்துக்கு மூன்று நொடி.
சைக்கிளுக்குப் பதினொன்று.
எண்ணினேன்.

பெஞ்சமின் ஷியர்ஸ் பாலம் ஏற்றமென்றே
இத்தனை காலம் எனக்குத் தெரியாது.
ஆக்சிலேட்டர் சொன்னதில்லை.
தொடை சொன்னது.

முன்னால் ஒரு மடக்குச் சைக்கிள்,
தோசைக்கல் அளவு சக்கரம்,
தடத்துக்குத் தடம் தள்ளாடியது.
அதன்மேல் அறுபதைத் தாண்டிய ஒரு சீன அம்மாள்.
பக்கத்தில் போனதும், கேட்காமலே சொன்னார்:
"இறங்கினால் அப்புறம் ஏற மாட்டேன் லா."
பெயரையும் சொன்னார், சியூ எங்.

முதுகில் கை வைக்கட்டுமா என்றேன்.
கொக்கி இல்லை, சங்கிலி இல்லை,
கூரையில் சுழலும் மஞ்சள் விளக்கு இல்லை.
உள்ளங்கை மட்டும்.
ஈரச் சட்டைக்குள்
விலா விரிந்தது, சுருங்கியது.
மூச்சு வாங்கும் எதையும்
நான் இதுவரை இழுத்ததில்லை.

உச்சியில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.
நடுத்தடத்தில்!
ஒருவர் வாழைப்பழம் உரிக்கிறார்,
ஒரு பையன் சாலையில் மல்லாந்து கிடக்கிறான்,
கடலில் கப்பல்கள் இன்னும் விளக்கை அணைக்கவில்லை.
சியூ எங் இறங்கி
என்னைப் படம் எடுக்கச் சொல்லிக் கைபேசியை நீட்டினார்.
என் கால் மட்டும்
தரையில் ஊன்ற மறுத்து
அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது.
மூன்றாம் சுற்றில் ஊன்றினேன்.
நின்றேன்.
யாரும் வந்து என்னை அகற்றவில்லை.

இறக்கத்தின் அடியில்
ஹைருல் வண்டியோடு காத்திருந்தான்.
ஞாயிறு வேலை அவன் முறை.
என் இறுக்கக் காற்சட்டையைப் பார்த்து
ஆரனை அமுக்கிக்கொண்டே சிரித்தான்.
எட்டரைக்குக் கூம்புகளை அடுக்கினார்கள்,
ஒன்றுக்குள் ஒன்றாய்.
முதல் டாக்சி வந்தது.

திங்கள் இரவு
லாரிப் படியில் ஏறும்போது முழங்கால் முனகியது.
"வண்டி நாலு. பாலம், உச்சி, நடுத்தடம். கார் நின்றுவிட்டது."
தெரியும் என்றேன்.
என்ன தெரியும் என்றது ரேடியோ.